கடுக்காய்த் தண்ணீரும் மூன்றாவது கையும்

காரைக்குடியை ஒட்டிய எங்கள் ஊரில், ஆயா வீட்டின் இரண்டாங்கட்டுச் சுவர் மழையில் ஊறிப் பொருக்குவிட்டு உதிரத் தொடங்கியது. பழைய முறையிலேயே பூச வேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்து, சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவரை வரவழைத்தார்கள். முதல் நாள் அவர் செய்த ஒரே வேலை, கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டதுதான். வளவின் ஓரத்தில் கிடந்த இரும்பு அண்டாவை நான் எடுத்து நீட்டியபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். “இரும்புல போட்டா தண்ணி மையாட்டம் கறுத்துப்போயிரும் தம்பி, அப்புறம் சொவரு வெளுக்காது. மண்பானை இருந்தாக் குடுங்க” என்றார்.

அப்போது நான் ஆய்வு மாணவன். திரவப் படிக நிலை காட்டும் டென்ட்ரைமர்களை, அதாவது மரம்போல் கிளைத்த மூலக்கூறுகளை, தயாரிப்பது என் வேலை. கைக்கு எட்டிய ஒரு வெற்றி கைநழுவிப் போன வருத்தத்தோடு விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். நான் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் குடுவையில் கலக்கிக்கொண்டிருந்த பொருளும், அந்தப் பானையில் ஊறிக்கொண்டிருந்த கடுக்காயிலிருந்து தண்ணீரில் இறங்கிய பொருளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களை நீராற்பகுத்தால் கேலிக் அமிலம் கிடைக்கும். பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் ஓர் அமிலத் தொகுதியும், அதற்கு எதிர்ப்புறத்தில் அடுத்தடுத்து மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளும் கொண்ட சிறிய மூலக்கூறு அது. அடுத்தடுத்து நிற்கும் அந்த ஹைட்ராக்சில்கள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்ளும்போதுதான் கருநீல நிறம் பிறக்கிறது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்களும், இரும்பு அண்டாவை ஒதுக்கிய கொத்தனாரும் அறிந்திருந்தது இந்த ஒரே வினையைத்தான்.

டென்ட்ரைமர் செய்ய விரும்புபவனுக்குக் கேலிக் அமிலத்தின் அந்த வடிவமே பெரிய வரம். ஒரு பக்கம் ஒரு பிடி, மறுபக்கம் மூன்று கைகள். மூன்று கைகளிலும் ஆளுக்கொரு கேலிக் அமிலத்தைப் பிடிக்கவைத்தால், அவற்றின் ஒன்பது கைகள் வெளியே நீளும். மறுபடியும் செய்தால் இருபத்தேழு. ஓரிடத்திலிருந்து கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி கிளைத்து, எண்ணி வைத்த அளவில் நின்றுவிடும் இத்தகைய மூலக்கூறுக்கு, மரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டென்ட்ரைமர் என்ற பெயர் வந்தது.

திரவப் படிகம் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1888-இல் பிராகு நகரில் பிரெடரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டெரைல் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது, அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாகி, 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதாகத் தோன்றிய அந்தப் புதிரை அவர் இயற்பியலாளர் ஓட்டோ லேமனிடம் அனுப்பினார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், அதாவது தளவிளைவு ஒளியில், அதை ஆராய்ந்த லேமன், ஓடவும் செய்கிற, படிகத்தைப் போல ஒளியைத் திருப்பவும் செய்கிற ஒரு நிலை உண்டு என்று காட்டினார். குச்சி போன்ற மூலக்கூறுகள் இடம் மாறி ஓடிக்கொண்டே ஒரே திசையை நோக்கி நின்றால் அது நெமாட்டிக். பந்திப்பாயில் வரிசை வரிசையாக அமர்ந்தவர்களைப் போல அடுக்குகளாகவும் பிரிந்து நின்றால் அது ஸ்மெக்டிக். இப்பெயர்களை 1922-இல் ஜார்ஜ் பிரீடல் வகுத்தார். குச்சிகள் மட்டுமல்ல, தட்டுகளும் இப்படி ஒழுங்குபடும் என்பதை 1977-இல் பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவரும் காட்டினார்கள். ஆறு நீண்ட வால்கள் பூட்டிய பென்சீன் வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளைப் போலத் தூண்களாகி, அத்தூண்கள் அறுகோண ஒழுங்கில் நின்றன. நம் நாட்டு ஆய்வகம் ஒன்றில் பிறந்த அந்தத் தூண் நிலை, என் ஆய்வுக்கு நேர்மூதாதை என்பதில் எனக்கு இன்றும் பெருமிதம் உண்டு.

இனி பாலிமர், அதாவது சிறு அலகுகளைக் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு. திரவப் படிக ஒழுங்கை உண்டாக்கும் விறைப்பான பகுதியை மீசோஜென் என்கிறோம். மீசோஜென்களையே சங்கிலியின் கண்ணிகளாக்கி நீளக் கோத்தால் கிடைப்பது முதன்மைச் சங்கிலி வகை. 1965-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் தயாரித்த அரோமாட்டிக் பாலிஅமைடு கரைசல், வழக்கமான பாலிமர் கரைசலைப் போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லாமல், கலங்கலாகவும் தண்ணீராகவும் இருந்தது. நூற்கும் பொறியின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்ற தயக்கத்தை மீறி நூற்றுப் பார்த்ததில், கெவ்லார் என்று பின்னர் பெயர்பெற்ற இழைகளுக்கு வழி பிறந்தது. கலங்கலுக்குக் காரணம் அழுக்கு அல்ல. விறைத்த சங்கிலிகள் கரைசலிலேயே ஒரே திசையில் சாய்ந்து திரவப் படிகமாகியிருந்ததுதான். இவ்வகைப் பாலிமர்களின் தொல்லை என்னவென்றால், விறைப்பு மிகுந்துவிட்டால் உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும். பாரா-ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலத்தை மட்டும் கோத்தால் இதுவே நடக்கும். நடுநடுவே ஹைட்ராக்சிநாப்தாயிக் அமிலத்தைச் சேர்த்து ஒழுங்கைச் சற்றே குலைத்தால், ஏறத்தாழ 280 பாகையில் உருகி அச்சில் வார்க்கத்தக்க பாலிமர் கிடைக்கிறது. மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்பிகள் பலவும் இதனால் ஆனவை.

இரண்டாவது வகையில், நெகிழ்வான சங்கிலியிலிருந்து மீசோஜென்கள் பக்கவாட்டில் தொங்கும். சங்கிலிக்குச் சுருண்டுகொள்ள ஆசை, மீசோஜெனுக்கு நேராக நிற்க ஆசை. இரண்டையும் நேரடியாகப் பிணைத்தால் பெரும்பாலும் சங்கிலியே வென்று ஒழுங்கு கெட்டுப்போகும். இடையில் சில மெத்திலீன் அலகுகள் கொண்ட தளர்வான இடைச்சங்கிலியை வைத்தால் இரண்டும் ஓரளவு தத்தம் போக்கில் இருக்கலாம் என்று 1978-இல் பிங்கல்மன், ரிங்ஸ்டார்ப் குழுவினர் காட்டியது இத்துறையின் திருப்புமுனை. செய்முறையும் எளிது. சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்புகள் கொண்ட பாலிசிலாக்சேனையும், நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள மீசோஜெனையும் டொலுயீனில் கரைத்துப் பிளாட்டின வினையூக்கி சேர்த்துச் சூடாக்கினால், இரட்டைப் பிணைப்பு சிலிக்கானோடு சேர்ந்துவிடும். அகச்சிவப்பு நிறமாலையில் 2160 செ.மீ.⁻¹-ஐ ஒட்டித் தெரியும் சிலிக்கான்-ஹைட்ரஜன் கோடு மறைந்தால் வினை முடிந்தது என்று பொருள்.

டென்ட்ரைமர்களின் வரலாறு இதற்கு இணையாகவே ஓடியது. 1978-இல் பிரிட்ஸ் பொக்ட்லே சிறு கிளைமூலக்கூறுகளைப் படிப்படியாக வளர்த்தார். 1985-இல் டொனால்ட் டோமாலியாவும் ஜார்ஜ் நியூகோமும் தனித்தனியே பெரிய மரங்களை வளர்த்துக் காட்டினார்கள். இவர்கள் எல்லோரும் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கட்டியவர்கள். டோமாலியாவின் முறையில் எத்திலீன்டைஅமீனோடு மீத்தைல் அக்ரிலேட்டைச் சேர்த்து, வரும் எஸ்டரை மறுபடி எத்திலீன்டைஅமீனோடு வினைப்படுத்தினால் நுனிகள் 4, 8, 16, 32, 64 என்று பெருகும். பெருகுவது நுனிகள் மட்டுமல்ல, தவறுகளும்தான். 64 நுனிகள் கொண்ட பாலிப்ரோப்பிலீன்இமீன் டென்ட்ரைமர் ஒன்று முழுமையடைய, அந்த ஒரே மூலக்கூறில் 248 வினைகள் பிழையின்றி நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99.5 என்ற அருமையான அளவில் நடந்தாலும், இறுதியில் குறையில்லாத மூலக்கூறுகள் நூற்றுக்கு 29 அளவில்தான் இருக்கும். ஒரு கை குறைந்த மூலக்கூறும் முழு மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்வதால் பிரித்தெடுப்பதும் இயலாது. 1990-இல் கிரெய்க் ஹாக்கரும் ழான் பிரெஷேயும் இதைத் தலைகீழாக்கினார்கள். நுனியிலிருந்து உள்நோக்கிக் கட்டினால், ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பிணைப்புகளே உருவாகும். கை குறைந்தது உருவத்திலும் எடையிலும் வெகுவாக வேறுபட்டு நிற்பதால் சிலிக்கா நிரப்பிய குழாயில் ஓட்டிப் பிரித்துவிடலாம். பொறுமை இருக்கிறவனுக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் கருத்து. ஆனால் மரம் பெரிதாகப் பெரிதாக, அதன் ஒற்றைப் பிடி கிளைகளுக்குள் புதைந்து வினைபுரிய மறுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டென்ட்ரைமரைத் திரவப் படிகமாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுனிகளில் மீசோஜென்களைக் கட்டுவது. ரஷ்யாவில் பொனமரென்கோ, ஷிபாயெவ் ஆகியோரின் குழு கார்போசிலேன் மரங்களின் நுனிகளில் சயனோபைபீனைல் தொகுதிகளை 8 முதல் 128 வரை ஐந்து தலைமுறைகளுக்குக் (ஒவ்வொரு கிளைப்புச் சுற்றும் ஒரு தலைமுறை) கட்டிப் பார்த்தது. முதல் நான்கு தலைமுறைகளில் மீசோஜென்கள் சொன்னதே நடந்தது: அவை வரிசை பிரிந்து ஸ்மெக்டிக் அடுக்குகளாக நின்றன, நடுமரம் தன் உருண்டை வடிவை விட்டுக்கொடுத்து நசுங்கிக்கொண்டது. 128 நுனிகள் கொண்ட ஐந்தாம் தலைமுறையிலோ, கூட்டம் மிகுந்த நடுமரத்தால் அதற்குமேல் நசுங்க இயலவில்லை. அடுக்குகள் குலைந்து தூண் நிலை தோன்றியது. நுனியின் விருப்பத்துக்கும் நடுவின் விருப்பத்துக்கும் இடையிலான இழுபறியில் எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

மற்றொரு வழியில் மீசோஜெனே தேவையில்லை. வடிவம் போதும். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளின் உறையைக் கட்டிய செங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு முனை குறுகி மறுமுனை அகன்ற அந்தக் கல்லைத் தனியே பார்த்தால் கோணலாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் அது தானாக வட்டமாகிவிடும், வட்டத்தின்மேல் வட்டம் ஏறினால் கிணறாகிவிடும். கேலிக் அமிலத்தின் மூன்று கைகளிலும் பன்னிரண்டு கார்பன் கொண்ட வால்களைப் பூட்டினால் கிடைப்பது அப்படிப்பட்ட ஆப்பு வடிவம். முனைவுத் தன்மை கொண்ட பிடிகள் நடுவில் ஒன்றையொன்று தேட, எண்ணெய் போன்ற வால்கள் வெளியே விரிய, ஆப்புகள் வட்டமாகி, வட்டங்கள் தூணாகின்றன. தலைமுறை கூடினால் வால்கள் 9, 27 என்று பெருகி ஒரு தளத்தில் அடங்காமல் எல்லாப் பக்கமும் புடைக்க, ஆப்பு கூம்பாகிவிடும். கூம்புகள் கூடினால் உருண்டை. அந்த உருண்டைகள் தாமே கனசதுர அணிக்கோவையில் அடுக்கிக்கொள்வதை, திரும்பத் திரும்ப வரும் ஒரு அலகுக் கூட்டுக்கு எட்டு உருண்டைகள் என்ற கணக்கோடு, விளாடிமிர் பெர்செக், கோரன் உங்கர் குழுவினர் 1997-இல் எக்ஸ் கதிர்ச் சிதறலால் நிறுவினார்கள். ஆப்புக்கும் கூம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு கையில் இருக்கிறது. என் வருத்தமும் அந்தக் கையில்தான் இருந்தது.

செய்முறை இதுதான். மீத்தைல் கேலேட்டை டைமீத்தைல் ஃபார்மமைடில் கரைத்து, பொட்டாசியம் கார்பனேட்டும் 1-புரோமோடோடெக்கேனும் சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 70 பாகை அளவில் இரவு முழுதும் கலக்க வேண்டும். காற்றுப் பட்டால், திறந்து வைத்த கடுக்காய்த் தண்ணீரைப் போலவே கலவை பழுப்பேறிக் கெட்டுவிடும். மூன்று வால்களும் ஏறினால் 184 எடையுள்ள மூலக்கூறு 689 ஆகும். அசிட்டோனிலிருந்து வெண்மையாகப் படியும் அந்தத் தூள் விரலில் மெழுகைப் போல வழுக்கும். அதை லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடால் ஒடுக்கி ஆல்கஹாலாக்கி, தயோனைல் குளோரைடால் குளோரைடாக்கி, மீண்டும் மீத்தைல் கேலேட்டின் மூன்று கைகளிலும் ஏற்றினால் இரண்டாம் தலைமுறை. நான் பொறுத்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குளோரைடு குறைவாக இருந்தும், கணக்குக்குச் சற்றே கூடுதலாக இருக்கிறது என்று நம்பி வினையைத் தொடங்கினேன். சிறிது அமிலம் தங்கியிருந்ததால் அதிலும் ஒரு பங்கு கெட்டுப்போயிருந்தது.

கிடைத்த பொருளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சூடாக்கி, குறுக்கே வைத்த இரு தளவிளைவாக்கிகளுக்கு இடையில் மெல்லக் குளிரவிட்டபோது கண்ட காட்சியை நான் மறக்கவில்லை. கருமையின் நடுவே சிறு பூக்கள் போலப் புள்ளிகள் தோன்றி, ஒவ்வொன்றும் விசிறியாக விரிந்து, விசிறிகள் ஒன்றையொன்று தொட்டு, மஞ்சளும் நீலமும் கலந்த தரையாகப் பரவின. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் மாலை வெயில் விழுந்ததைப் போல இருந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். அன்று அதை வெற்றி என்றே நம்பினேன்.

நம்பக்கூடாது என்பதற்கான அடையாளங்கள் கண்முன்னேயே இருந்தன. உருண்டைகளால் ஆன கனசதுர நிலைக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். தளவிளைவு ஒளியில் அது வண்ணம் காட்டாது, கறுப்பாகவே இருக்கும். விசிறிகள் தெரிந்தன என்றால் என் கையில் இருப்பது தூண் நிலை, அதாவது கூம்பல்ல, ஆப்பு. தெளிவடையும் வெப்பநிலையும் ஒரே புள்ளியில் அமையாமல் பத்து பாகைக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது கலப்படத்தின் அடையாளம். எக்ஸ் கதிர்ச் சிதறலில் வந்த கோடுகள் நடுவிலிருந்து விலகி நின்ற தூரங்கள் 1-க்கு மூன்றின் வர்க்கமூலம், 2 என்ற அறுகோண விகிதத்திலேயே நின்றன. பிறகு, எந்த இடத்தில் எத்தனை ஹைட்ரஜன் என்று காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையை எடுத்து வைத்து எண்ணினேன். எஸ்டரின் மெத்தில் தொகுதிக்குரிய 3 ஹைட்ரஜன்களுக்கு, கைகளை இணைக்கும் பென்சைல் இடத்தில் 6 இருக்க வேண்டும். நான்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருந்தது. மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 2113-இல் வர வேண்டிய கோடு சிறியதாகவும், அதற்கு 643 குறைவாக 1470-இல் ஒரு கோடு பெரியதாகவும் நின்றது. 643 என்பது சரியாக ஒரு கையின் எடை.

இந்த நிலையில்தான் நான் ஊருக்கு வந்திருந்தேன். கொத்தனார் சொன்ன சொல் எனக்குப் புதிய அறிவு எதையும் தரவில்லை. நிறை நிறமாலை எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டிருந்தது. ஆயினும், கை மீந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருந்த சோதனை இரும்பு என்பதும், அது என்னிடம் அலமாரியில் ஃபெரிக் குளோரைடு என்ற பெயரில் பூசணம் பிடித்துக் கிடக்கிறது என்பதும் அந்த வளவில் நின்றபோது உறைத்தது. அன்றிலிருந்து, வினை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு எடுத்து, கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் ஓட்டி, ஃபெரிக் குளோரைடு தெளித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மூன்று கைகளும் காலியாக இருந்தால் புள்ளி கருநீலமாகும். ஒரு கை மட்டும் மீதமிருந்தால் நிறம் மிக மங்கலாகவே தெரியும் என்பதால் இதை மட்டும் நம்பி நிறுத்திவிடக்கூடாது, நிறை நிறமாலையும் பார்த்தே ஆக வேண்டும்.

டென்ட்ரைமரின் பண்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அடக்கம். நீண்ட பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் உருகலின் பாகுத்தன்மை எடையோடு மளமளவென்று ஏறும். உருண்டை மரங்களுக்குச் சிக்கல் விழுவதில்லை, அவற்றின் உள்ளார்ந்த பாகுத்தன்மை ஏதோ ஒரு தலைமுறையில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கவே செய்யும். மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஊடுருவல் கருவியில் நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்து இவற்றின் எடையைக் கணித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்; அடக்கமாக இருக்கும் மூலக்கூறு சிறியதாகத் தோன்றுகிறது. மின்புலத்துக்குத் திரும்பும் வேகத்தில், தொலைக்காட்சித் திரையில் இருக்கும் சிறு மூலக்கூறுகளோடு டென்ட்ரைமரோ பாலிமரோ போட்டியிட முடியாது. அதற்காக அவற்றை யாரும் செய்வதுமில்லை. பாலிமரில் ஒருமுறை ஏற்படுத்திய ஒழுங்கைக் குளிர்வித்துக் கண்ணாடியாக உறையவைக்கலாம். இலேசாகக் குறுக்குப்பிணைப்பு போட்டு இரப்பராக்கினால், சூடேறி நெமாட்டிக் ஒழுங்கு குலையும்போது அது நீளத்தில் சுருங்கும், ஆறினால் நீளும். தசையைப் போல இயங்கும் பொருள்களுக்கு இது வழி என்று இயற்பியலாளர் பியர்-ழீல் த ழென் சொன்னதை இன்று பல ஆய்வகங்கள் செய்து காட்டுகின்றன.

பாலிமரும் டென்ட்ரைமரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998-இல் பெர்செக் குழு தந்த விடை அழகானது. ஆப்பு வடிவ மரங்களைப் பாலிமர்ச் சங்கிலியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். சங்கிலி குட்டையாக இருந்தபோது மரங்கள் அதை உருட்டி உருண்டையாக்கிவிட்டன. நீளமானபோது அதே மரங்கள் அதைச் சுற்றி நின்று உருளையாக நிமிர்த்திவிட்டன.

ஊரிலிருந்து கிளம்பும்போது சுவரில் மூன்றாவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் பேருந்தில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்த சிக்ரியின் வாசலை அன்றும் கடந்துதான் போனேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட அந்த மின்வேதியியல் ஆய்வகம் இல்லாவிட்டால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வேதியியல் என்பது ஒரு பிழைப்பாக இருக்க முடியும் என்றே தெரிந்திருக்காது.

இம்முறை குளோரைடைப் புதிதாகச் செய்து, தங்கிய அமிலத்தை முழுதும் போக்கி, கணக்குக்குக் கூடுதலாகவே சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துத் தகட்டில் கறை விழவில்லை. நிறை நிறமாலையில் 2113-இல் ஒரே கோடு நின்றது, 1470 இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதன்மேல் மூன்றாம் தலைமுறையையும் கட்டினேன். 27 வால்கள், 6386 எடை. நுண்ணோக்கியில் வைத்து உருக்கி மெல்லக் குளிரவிட்டேன். ஒரு மணி நேரம் பார்த்தும் ஒரு புள்ளி ஒளியும் தோன்றவில்லை; புலம் முழுதும் கறுப்பாகவே இருந்தது. ஓடும் நீர்மமும் இப்படித்தான் கறுப்பாக இருக்கும் என்பதால், ஊசியின் மழுங்கிய முனையால் மூடுகண்ணாடியை ஓரத்தில் அழுத்தித் தள்ளினேன். அது நகரவில்லை.